மருத்துவமனையிலிருந்து சட்டமன்றத்திற்கு
டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்வு தரும் படிப்பினை

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார் மீதும், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

செயலாளர் அவர்கள் ஆண்டறிக்கையையும் வரவு செலவுக் கணக்கையும் வாசித்து முடித்தார்கள். ஜகாத் நிதி நீங்கலாக, பொது நிதியில் மிஞ்சியுள்ள தொகையை எவ்வழியில் செலவிடுவது என்னும் பொருள் உங்கள் முடிவிற்காக வைக்கப்பட்டிருக்கிறது. திருமண மண்டபத்திற்கு மேல்தளம் எழுப்பலாம் என்பது ஒரு கருத்து. நம் பெண் மக்கள் மருத்துவம், செவிலியம் முதலிய படிப்புகளைப் பயில உதவலாம் என்பது மற்றொரு கருத்து. முடிவெடுக்கும் உரிமை உங்களுடையது. அதற்கு முன் ஒரு மருத்துவரின் பொதுவாழ்வைப் பற்றிச் சிறிது நேரம் உங்களோடு பேச விரும்புகிறேன். நம் தமிழ் மண்ணில் பிறந்து, மருத்துவராகப் பணியாற்றி, சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண்மணியான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களே அந்த மருத்துவர்.

"ஆண்டுக் கூட்டத்தில் பேசுவதற்கு நம் மார்க்கத்தைச் சேர்ந்த ஒருவரின் வரலாறு இமாமுக்குக் கிடைக்கவில்லையா?" என்று சிலருக்குத் தோன்றலாம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நுபுவ்வத்திற்கு முன்பு மக்காவில், அநீதி இழைக்கப்பட்டோருக்குத் துணை நிற்பதற்காகச் செய்யப்பட்ட 'ஹில்ஃபுல் ஃபுளூல்' என்னும் உடன்படிக்கையில் பங்கேற்றார்கள். இஸ்லாம் வந்த பின்னரும், அத்தகைய உடன்படிக்கைக்கு மீண்டும் அழைக்கப்பட்டால் இசைவேன் என்னும் கருத்தில் அதனைச் சிறப்பித்துப் பேசினார்கள். அதைச் செய்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். நன்மையை யார் செய்தாலும் அதை நன்மையென்று ஒப்புக்கொள்வது நம் நபியின் வழிமுறை. ஆகவே தயக்கமின்றிப் பேசுகிறேன்.

திரைக்குப் பின்னே கற்ற மாணவி

முத்துலட்சுமி அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபு என்று அன்று அழைக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்தவர். இந்தப் பிறப்பு பிற்காலத்தில் அம்மையாரின் பணிக்கு அடித்தளமாயிற்று. இளமையில் அதுவே அவர் வழியில் முட்டுக்கட்டையாகவும் நின்றது.

மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறியபின் அவர் கல்லூரியில் சேர விரும்பினார். அக்காலத்தில் மகாராஜா கல்லூரியில் ஆண்கள் மட்டுமே பயின்றனர். ஒரு பெண் வந்து அமர்ந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. தாயின் குலத்தைச் சுட்டிக்காட்டியும் எதிர்த்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி வழங்கினார். மூடிய வண்டியில் கல்லூரிக்கு வந்து, வகுப்பில் ஒரு திரைக்குப் பின்னே அமர்ந்து அவர் பாடம் கேட்டார் என்று கூறுவர்.

சகோதரர்களே! திரை நமக்குப் புதிதன்று. இதோ இந்த மன்றத்திலேயே திரை இருக்கிறது. அந்த மாணவியின் கல்விக்குத் திரை தடையாக நிற்கவில்லை. படிக்கவே கூடாது என்று கூறிய மனிதர்கள்தாம் தடையாக நின்றனர். நாகரிகத்தையும் நாணத்தையும் பேணிக்கொண்டே கற்பதற்கு வழி உண்டு என்பதை, நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு மன்னரும் ஒரு தந்தையும் செய்து காட்டினர்.

1907-இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-இல் பதக்கங்களும் பரிசுகளும் பெற்று மருத்துவப் பட்டதாரியானார். இந்நாட்டின் தொடக்ககாலப் பெண் மருத்துவர்களுள் ஒருவர் அவர். சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் உள்ளுறை மருத்துவராகவும் பணிபுரிந்தார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டி அவர்களை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று திருமணத்திற்கு முன்பே அவர் கேட்டுக்கொண்டார். கணவர் அந்த வாக்கை இறுதிவரை காப்பாற்றினார். மனைவியின் பொதுவாழ்விற்கு அவர் அளித்த ஒத்துழைப்பு, நம் வீட்டுத் தலைவர்கள் எண்ணிப் பார்க்கத் தக்கது.

1925-இல் அரசின் உதவித் தொகையுடன் இங்கிலாந்து சென்று, பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நோய்கள் குறித்து மேற்பயிற்சி பெற்றுத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது நாற்பதை எட்டியிருந்தது. மருத்துவத் தொழிலில் நல்ல பெயரும் இருந்தது. அவ்வேளையில்தான் சட்டமன்ற அழைப்பு வந்தது.

தேடிச் செல்லாத பதவி

அன்றைய நிலையைச் சற்று நினைவுகூர வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவில் பெண்களுக்கு வாக்குரிமை அளித்த முதல் மாகாணம் சென்னை, ஆண்டு 1921. ஆயினும் பெண்கள் சட்டமன்ற உறுப்பினராகும் உரிமை 1926-இல்தான் கிட்டியது. இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமி அம்மையாரின் பெயரைப் பரிந்துரைத்தது. அரசு அவரை நியமன உறுப்பினராக்கியது. மருத்துவப் பணிக்கு இடையூறு நேருமே என்று அவர் முதலில் தயங்கினார். தோழியர் வற்புறுத்திய பிறகே இசைந்தார். 1927-இல் மன்றத்தில் நுழைந்த அவரை உறுப்பினர்கள் ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். உலகில் ஒரு சட்டமன்றத்தின் துணைத் தலைவராக அமர்ந்த முதல் பெண்மணி என்று அவரைக் கூறுவர்.

பதவியைப் பற்றி நம் மார்க்கம் கூறுவதை இங்கே நினைத்துப் பாருங்கள். தலைமையைக் கேட்டுப் பெறாதீர். கேட்டுப் பெற்றால் அதனிடமே நீர் ஒப்படைக்கப்படுவீர். கேளாமல் வந்தால் இறைவனின் உதவி கிட்டும் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) அவர்களுக்கு அறிவுரை கூறினார்கள். மறுபுறம், நபி யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்து மன்னரிடம் களஞ்சியங்களின் பொறுப்பைத் தாமே கேட்டுப் பெற்றதாகத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. இவ்விரண்டிற்கும் முரண்பாடு இல்லை என்று உலமாக்கள் விளக்குவர். யூஸுஃப் (அலை) அவர்கள் தம்மிடமுள்ள இரண்டு தகுதிகளைக் கூறியே கேட்டார்கள். காக்கும் நேர்மை ஒன்று. அத்துறையின் அறிவு மற்றொன்று. பஞ்சம் வரவிருந்தது, மக்கள் மாண்டுபோகாமல் காக்கும் வழி அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அமானிதம், அறிவு என்னும் இவ்விரண்டும் சேர்ந்த இடத்தில்தான் பொதுப்பதவி மக்களுக்குப் பயன்படும். நேர்மை இருந்து அறிவு இல்லையேல் நல்ல மனிதர் ஒருவர் வீணே அமர்ந்திருப்பார். அறிவு இருந்து நேர்மை இல்லையேல் அந்த அறிவே களவிற்குத் துணைபோகும். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அம்மையாரின் சட்டமன்றப் பணியைப் பார்ப்போம்.

கண்டதைப் பேசிய உறுப்பினர்

அவர் மன்றத்தில் இருந்த காலம் நான்கு ஆண்டுகளுக்கும் குறைவு. அதற்குள் அவர் கொண்டுவந்த தீர்மானங்களைப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்றார். பெண்ணின் திருமண வயதைப் பதினாறாகவும் ஆணின் வயதை இருபத்தொன்றாகவும் உயர்த்தப் பரிந்துரைத்தார். இவை யாவும் அவர் மருத்துவமனையில் நாள்தோறும் கண்டவை. உடல் முதிராத சிறுமியர் பிரசவ வலியில் துடித்ததைக் கண்டவர் அவர். பிறர் எழுதித் தந்த அறிக்கையை அவர் வாசிக்கவில்லை. கட்டிலருகே நின்று பார்த்ததையே மன்றத்தில் எடுத்துரைத்தார்.

விபசார விடுதிகளை ஒழிக்கும் சட்டம் சென்னையில் 1930-இல் நிறைவேறியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆதிதிராவிட மாணவியருக்குக் கல்வி உதவித் தொகை கிடைக்கவும் அவர் பாடுபட்டார். நம் சமுதாயம் நன்றியோடு நினைக்க வேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. முஸ்லிம் மாணவியருக்கென்று தனி விடுதி திறக்கப்பட்டதும் அவருடைய முயற்சியின் பயனே. நம் பெண்கள் எங்கே தங்கிப் படிப்பார்கள் என்று நாம் கவலைப்படத் தொடங்குவதற்கு முன்பே, நம் சமயத்தைச் சாராத ஒரு சகோதரி அக்கவலையைச் சட்டமன்றத்தில் சுமந்திருக்கிறார்.

அவருடைய பெயரோடு என்றும் இணைத்துப் பேசப்படுவது, சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை நீக்கும் போராட்டம். அது பிற சமயத்தாரின் ஆலயங்களைச் சார்ந்த செய்தி. அதைக் குறித்துத் தீர்ப்புக் கூறும் இடத்தில் நான் இல்லை. அந்தச் சமயத்தைச் சேர்ந்தவர்களே அந்தச் சீர்திருத்தத்தை முன்னின்று நடத்தினார்கள். நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது அவர் அதனைச் செய்த முறையை மட்டுமே.

1927 நவம்பரில் அவர் மன்றத்தில் இது பற்றிய தீர்மானத்தைக் கொண்டுவந்தார். கலையும் மரபும் அழியும் என்று சிலர் எதிர்த்தனர். அந்தப் பிரிவைச் சேர்ந்த பெண்களுள் ஒரு சாராரே மனுக் கொடுத்து எதிர்த்தனர். கோயில் பணிக்காக அவர்கள் அனுபவித்துவந்த மானிய நிலங்களே பலருக்கு வாழ்வாதாரம். வழக்கத்தை நிறுத்தினால் நிலமும் போய்விடுமே என்னும் அச்சத்தை அவர் அலட்சியப்படுத்தவில்லை. 1929-இல் இந்து அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் நிறைவேற வழிசெய்தார். கோயில் பணியிலிருந்து விடுபட்டாலும் அந்நிலம் அப்பெண்களுக்கே உரியதாகும் வகையில் அத்திருத்தம் அமைந்தது. வயிற்றுக்கு வழி செய்துவிட்டு, அதன் பின்னரே 1930-இல் பொட்டுக்கட்டுதலையே தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார்.

மருத்துவர் ஒருவர் கட்டியை அறுப்பதற்கு முன் நோயாளியின் உடல் தாங்குமா என்று பார்ப்பார் அல்லவா? சமூகச் சீர்திருத்தத்திலும் அவர் அவ்வாறே நடந்துகொண்டார். மார்க்கத்தின் பெயரால் நம் மஹல்லாக்களில் வரதட்சணையையும் வீண் சடங்குகளையும் ஒழிக்கப் புறப்படும் நம் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். "கூடாது" என்று சொல்வது எளிது. "கூடாது" என்று சொன்ன பிறகு அந்தக் குடும்பம் என்ன செய்யும் என்று சிந்தித்து வழிசெய்து கொடுப்பதுதான் கடினம்.

பதவியை விட்ட நாள்

1930 மே மாதம் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அதனைக் கண்டித்து அம்மையார் தம் சட்டமன்றப் பதவியைத் துறந்தார். அப்போது அவருடைய மசோதா நிறைவேறாமல் நின்றுகொண்டிருந்தது. அவர் அங்கேயே அமர்ந்திருந்தால் அதனை நிறைவேற்றியிருக்கலாமே என்று நாம் எண்ணலாம். அவருக்கும் அந்த எண்ணம் வந்திருக்கும். ஆனாலும் மனசாட்சி விலகச் சொன்ன இடத்தில் அவர் விலகினார். தம் மன்ற அனுபவங்களை ஒரு நூலாகவும் அவ்வாண்டில் எழுதி வெளியிட்டார். அவர் விதைத்த மசோதா பதினேழு ஆண்டுகள் கழித்து, 1947-இல் சட்டமாயிற்று.

பதவி போனதும் பணி நின்றுவிடவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பிவந்த சில சிறுமியர், எந்த விடுதியிலும் இடம் கிடைக்காமல் அவருடைய வீட்டு வாசலில் வந்து நின்றனர். சட்டம் பேசியவர் கதவைச் சாத்தவில்லை. தம் இல்லத்திலேயே அவர்களுக்கு இடமளித்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது. அடையாறில் இன்றும் அது பெண் பிள்ளைகளுக்கு அடைக்கலமும் கல்வியும் அளித்துவருகிறது.

இது அவருடைய நேர்மைக்குச் சான்று. மன்றத்தில் பேசிய பேச்சிற்கு வீட்டில் விலை கொடுக்க ஆயத்தமாக இருந்தார். பேசியதைச் செய்யாதிருப்பதை அல்லாஹ் எவ்வளவு வெறுக்கிறான் என்பதை ஸூரத்துஸ் ஸஃப் நமக்கு எச்சரிக்கிறது. மிம்பரில் நிற்கும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த எச்சரிக்கை முதலில் உரியது.

தங்கையின் மரணமும் பன்னிரண்டு படுக்கைகளும்

1920-களின் தொடக்கத்தில் அம்மையாரின் தங்கை புற்றுநோயால் இறந்துபோனார். நோய் இன்னதென்று உரிய காலத்தில் அறியப்படவில்லை. அக்காள் மருத்துவராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற இயலவில்லை. அந்தத் துயரத்தை அவர் மனத்திற்குள் புதைத்துவிடவில்லை. இங்கிலாந்து சென்றபோது அங்கே புற்றுநோய் மருத்துவமனையின் பணிகளைக் கண்டார். அத்தகைய மருத்துவமனை ஒன்றைச் சென்னையில் அமைக்க வேண்டும் என்று உறுதிகொண்டார்.

அந்த உறுதி நிறைவேற ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. புற்றுநோய் வந்தால் இறப்புத்தானே, அதற்கு ஏன் ஒரு மருத்துவமனை என்று பொறுப்பிலிருந்தோரே கேட்ட காலம் அது. மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் பிரதமர் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் நாள் அடையாறு புற்றுநோய் நிலையம் பன்னிரண்டு படுக்கைகளோடு திறக்கப்பட்டது. அப்போது அம்மையாருக்கு வயது அறுபத்தேழு. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அந்நிலையத்தைக் கட்டி வளர்த்தனர். டாக்டர் சாந்தா அவர்கள் 2021 ஜனவரியில் மறையும் வரை அந்நிலையத்திற்காகவே வாழ்ந்தார். பன்னிரண்டு படுக்கைகள் பல நூறாகப் பெருகின. ஏழைகளுக்கு அங்கே இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை கிடைக்கிறது. நம் மஹல்லாவிலிருந்தும் அங்கே சென்று நலம்பெற்று வந்தோர் உண்டு.

முத்துலட்சுமி அம்மையாருக்கு 1956-இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1968 ஜூலை 22-ஆம் நாள் அவர் காலமானார். ஏழைக் கர்ப்பிணிப் பெண்களுக்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு உதவித் திட்டம் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. இங்கிருக்கும் தாய்மார்களுள் பலர் அத்தொகையைப் பெற்றிருப்பீர்கள்; அந்தப் பெயருக்குரியவர் யார் என்பதை இன்று அறிந்துகொண்டீர்கள்.

நான் சொன்ன ஒரு பதில்

இனி, என்னைப் பற்றிய ஒரு செய்தியைக் கூறியாக வேண்டும். கூறாமல் இவ்வளவு நேரம் பிறரின் பெருமையைப் பேசுவது நேர்மையன்று.

நான் இமாமத் பொறுப்பேற்ற தொடக்க காலத்தில் ஒரு தந்தை என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். நர்ஸிங் படிக்க வேண்டும் என்கிறாள். சேர்க்கலாமா?" என்று கேட்டார். "விடுதியில் தங்க வேண்டும், இரவில் வேலை பார்க்க வேண்டும். நம் பெண்களுக்கு அது எதற்கு பாய்?" என்று பதில் கூறினேன். அவர் மறுத்துப் பேசவில்லை. ஸலாம் கூறிவிட்டுப் போய்விட்டார். எந்தக் கிதாபையும் புரட்டாமல், எந்த உஸ்தாதையும் கேளாமல், அரை நிமிடத்தில் நான் கூறிய பதில் அது. அந்தப் பெண் படிக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து நம் மஹல்லாவில் ஒரு சகோதரி மவ்த்தானார். மார்பில் கட்டி இருப்பதை ஓராண்டிற்கும் மேலாக யாரிடமும் கூறாமல் மறைத்துவைத்திருந்தார். ஆண் மருத்துவரிடம் காட்டக் கூசினார். வீட்டாரிடம் கூறவும் கூசினார். வலி பொறுக்க இயலாமல் மருத்துவமனைக்குச் சென்றபோது காலம் கடந்துவிட்டது. தொடக்கத்திலேயே வந்திருந்தால் வழி இருந்திருக்கும் என்று மருத்துவர் கூறியதாக, ஜனாஸா அன்று அவருடைய கணவர் என்னிடம் கூறி அழுதார். ஆயுள் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு அந்தத் தந்தையின் முகம் நினைவிற்கு வந்தது. நம் தெருவிலேயே ஒரு செவிலியர் இருந்திருந்தால், அந்தச் சகோதரி அவளிடமாவது கூறியிருப்பாளே என்று எண்ணினேன்.

அதன் பிறகே கிதாபுகளைப் புரட்டினேன். பெண்ணுக்கு நோய் கண்டால் பெண் மருத்துவரிடம் காட்டுவதே முதல் நிலை. அவ்வாறு ஒருவர் கிடைக்காதபோது தேவைக்கேற்ப ஆண் மருத்துவரிடம் காட்டலாம் என்று ஃபுகஹாக்கள் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். இதை நான் மத்ரஸாவில் ஓதியதுண்டு. பெண் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று கூறிய ஷரீஅத், அந்தப் பெண் மருத்துவரை யார் உருவாக்க வேண்டும் என்ற கேள்வியையும் நம் முன் வைக்கிறது என்பதை மட்டும் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்று எண்ணுகிறார்கள். ஊரில் ஒருவராவது அதைக் கற்றால் அனைவரும் பொறுப்பிலிருந்து நீங்குவர். ஒருவரும் கற்காவிட்டால் ஊரே பொறுப்பாகும். ஃபிக்ஹு படிக்க எல்லோரும் முந்திக்கொண்டு வருகிறார்கள், மருத்துவம் கற்கத்தான் ஆளில்லை என்னும் கருத்தில் அவர்கள் வருந்தியும் எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய வருத்தம் இன்றும் நம் மஹல்லாவிற்குப் பொருந்துகிறது.

ஸஹாபிப் பெண்மணிகளின் வரலாறும் நம்மிடம் உண்டு. ருஃபைதா (ரலி) அவர்கள் அகழ்ப்போரின்போது மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அமைத்துக் காயமுற்றோருக்கு மருந்திட்டார்கள். ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அங்கேதான் சிகிச்சை பெற்றார்கள். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் உடன்சென்று காயமுற்றோரைப் பராமரித்தார்கள். ஷிஃபா (ரலி) அவர்கள் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். பள்ளிவாசல் முற்றத்திலேயே ஒரு பெண்ணின் மருத்துவக் கூடாரம் இருந்த சமுதாயத்தின் வாரிசுகள் நாம். அதை மறந்துவிட்டு நான் அந்தத் தந்தைக்குப் பதில் கூறியிருக்கிறேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக! அந்தக் குடும்பத்தாரிடமும் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "அதெல்லாம் பழைய கதை ஹஜ்ரத்" என்று அவர்கள் பெருந்தன்மையோடு கூறினார்கள். அந்தப் பெண் இன்று பிள்ளைகளுக்குத் தாய். அவளுடைய மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள்.

ஜமாஅத்திற்கு என் வேண்டுகோள்

முதலாவது, இன்று உங்கள் முன் இருக்கும் பொருள். மண்டபத்தின் மேல்தளம் ஓராண்டு தாமதமானால் எவருக்கும் பெரிய தீங்கு நேராது. பதினெட்டு வயதுப் பெண்ணின் சேர்க்கைக் காலம் ஓராண்டு தவறினால், பெரும்பாலும் அது என்றைக்கும் தவறிவிடும். மருத்துவம் மட்டுமன்றிச் செவிலியம், மருந்தாளுநர் படிப்பு, ஆய்வுக்கூடப் பயிற்சி, பிசியோதெரபி ஆகியவற்றிற்கும் உதவலாம். பெண்களுக்குப் பாதுகாப்பான விடுதியுள்ள கல்லூரிகளை விசாரித்துச் சொல்லவும், தேவையானால் பெற்றோருடன் சென்று பார்த்து வரவும் இருவர் கொண்ட சிறு குழுவை அமைக்கலாம். "விடுதி எப்படியோ" என்ற பெற்றோரின் அச்சம் நியாயமானது. அச்சத்தைக் காரணம் காட்டிப் படிப்பை நிறுத்துவதற்குப் பதிலாக, அச்சத்தைப் போக்கும் வேலையை ஜமாஅத் ஏற்றுக்கொள்ளட்டும். ஜகாத் நிதியைப் பொறுத்தவரை, அதைப் பெறும் தகுதியுள்ள ஏழை மாணவியருக்குத் தனியே கணக்கு வைத்து வழங்குவோம். இரண்டையும் கலக்க வேண்டாம்.

இரண்டாவது, ஆண்டிற்கு ஒருமுறையேனும் மத்ரஸாக் கட்டடத்தில் பெண் மருத்துவர்களையும் செவிலியர்களையும் கொண்டே பெண்களுக்கான மருத்துவ முகாம் நடத்துவோம். மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோயைத் தொடக்கத்தில் கண்டறிந்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி என்பதை அங்கே விளக்கச் செய்வோம். ஆலிமாக்கள் தங்கள் பெண்கள் பயான்களிலும் இதைப் பேசட்டும். நோயை மறைப்பது நாணத்தின் இலக்கணம் அன்று. அல்லாஹ் நோயை இறக்கியபோது அதற்குரிய மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நபிவழிச் செய்தி. மருந்தைத் தேடுவதும் இபாதத்தே.

மூன்றாவது, தேர்தலைப் பற்றியது. எந்தக் கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்று நான் இந்த இடத்திலிருந்து ஒருபோதும் கூறியதில்லை, இனியும் கூறமாட்டேன். ஆனால் வாக்குக் கேட்டு வருவோரிடம் "நீங்கள் எங்களவரா?" என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். "உங்களுக்கு என்ன தெரியும்? நீங்கள் எதைக் கண்டிருக்கிறீர்கள்? எதைக் காப்பாற்றியிருக்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள். யூஸுஃப் (அலை) அவர்கள் கூறிய இரு தகுதிகளையும் அவர்களிடம் தேடுங்கள். ஊராட்சி உறுப்பினர் முதல் சட்டமன்ற உறுப்பினர் வரை இதுவே அளவுகோல். நம் ஜமாஅத் நிர்வாகத் தேர்தலுக்கும் இதே அளவுகோல்தான் என்பதை முத்தவல்லி அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

அன்புச் சகோதரர்களே! நான்கு ஆண்டுகளுக்கும் குறைவான காலம் ஒருவர் சட்டமன்றத்தில் இருந்தார். அவர் பேசியவற்றுள் சில அன்றே நிறைவேறின. சில பதினேழு ஆண்டுகள் காத்திருந்தன. ஆனால் அவரிடம் அறிவு இருந்தது; அந்த அறிவைத் தமக்குப் பின்னே நிற்கும் எளியோருக்கு உரிய அமானிதம் என்று கருதினார். நம் பெண் மக்களுக்கும் அல்லாஹ் அறிவைக் கொடுத்திருக்கிறான். அந்த அமானிதத்தை நாம் பூட்டிவைத்தால் அதற்கும் மறுமையில் கேள்வி உண்டு.

முடிவு உங்கள் கையில். அந்தப் பத்தாம் வகுப்பு மாணவி இரண்டாண்டுகள் கழித்துத் தன் தாயோடு என்னிடம் வந்து கேட்கும்போது, நான் கூறப்போகும் பதிலுக்கு இந்த ஜமாஅத் துணை நிற்க வேண்டும் என்பதே என் ஆசை.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு முழுமையான ஷிஃபாவைத் தருவாயாக! மவ்த்தான எங்கள் சகோதர சகோதரிகளின் கப்ருகளை விசாலமாக்குவாயாக! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வாயாக! இந்த ஜமாஅத்தின் ஒற்றுமையைக் காப்பாயாக! அறியாமல் நாங்கள் அடைத்த வாசல்களை எங்கள் கைகளாலேயே திறக்கும் பாக்கியத்தைத் தருவாயாக! ஆமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.